ஷட்டர் வேகமும் குழாய்த் தண்ணீரும்

எங்கள் பள்ளியின் புகைப்பட வகுப்பில் தேர்வு கிடையாது, புராஜெக்ட் மட்டும்தான். எனக்கு ரொம்பப் பிடித்தது ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சத்தை உள்ளே விட கேமராவின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. குழாய்த் தண்ணீரை 1/1000 நொடியில் எடுத்தால் ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணி மாதிரி தனித்தனியாக நிற்கிறது, அதையே அரை நொடி திறந்து வைத்து எடுத்தால் எல்லாம் கலந்து மங்கலான வெள்ளைக் கோடாகிவிடுகிறது, இதில் எது உண்மையான தண்ணீர் என்று வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது.

அரை நொடிக்கு முக்காலி கட்டாயம். வெளிச்சமும் அதிகமாக உள்ளே வரும், அதனால் லென்ஸின் துளையை எஃப்/16 வரை சுருக்கி, கேமரா ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 100க்கு இறக்க வேண்டும். எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும் என்பதுதான் எல்லோரையும் குழப்புகிறது. குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண் அது, அவ்வளவுதான்.

அப்புறம் அட்டைப்பெட்டியில் ஊசித்துளை கேமரா. லென்ஸே இல்லாமல் படம் தலைகீழாக விழுகிறது! உருவப்படம் எனக்குச் சுமார்தான், ஜன்னல் ஓர வெளிச்சத்தில் நண்பனை உட்கார வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுவது. சுருளை முழு இருட்டில் தடவித் தடவித்தான் டேங்கில் மாட்ட வேண்டுமாம், இப்போதே கண்ணை மூடிக்கொண்டு பழைய சுருளை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.