டிரெய்னி விண்ணப்பத்தில் தெரிய வேண்டியது நீங்கள் படித்த கட்டு

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து சட்டம் படித்துவிட்டு சென்னை, மதுரை சட்ட நிறுவனங்களுக்கு டிரெய்னியாக விண்ணப்பிக்கிற பிள்ளைகள் மார்க்கைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டிய இடம் விண்ணப்பத்தில் இருக்கும் கேள்விகள். ஏன் சட்டம், ஏன் எங்கள் நிறுவனம், நீங்கள் செய்த சட்ட வேலை ஒன்றைச் சொல்லுங்கள், அண்மையில் வந்த சட்ட மாற்றம் ஒன்றை விளக்குங்கள், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்: சுற்றிச் சுற்றி இவ்வளவுதான் வரும். உங்கள் பதிலைப் படிக்கப்போகிறவர் பகல் முழுக்கக் கேஸ் கட்டு பார்த்து அலுத்த ஒரு சீனியர். இந்த ஆளிடம் ஒரு கட்டைக் கொடுத்தால் ஒழுங்காகப் படித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வாரா? அவர் உங்கள் பதிலில் தேடுவது இதைத்தான்.

அதனால் 'ஏன் சட்டம்' என்பதில் ஆரம்பிக்காதீர்கள். செய்த வேலை பற்றிய கேள்வியை முதலில் எழுதுங்கள். மற்ற பதில்களுக்கு வேண்டிய சரக்கு அதிலிருந்துதான் வரும்.

பெரும்பாலும் வருகிற பதில் இப்படி இருக்கும்: "மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் நான்கு வாரம் பயிற்சி பெற்றேன். வழக்கு வரைவு, சட்ட ஆய்வு, கட்சிக்காரர் சந்திப்பு ஆகியவற்றில் ஈடுபட்டேன்." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கோர்ட் வாசலை மிதிக்காதவரும் எழுதலாம். அதே நான்கு வாரத்தை இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் தாவா சொத்துக்கு வில்லங்கம் பார்க்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. பட்டாவில் இருந்த உட்பிரிவு எண்ணுக்கு எடுத்த வில்லங்கச் சான்றில் ஒரு பதிவும் இல்லை. தாய்ப் பத்திரத்தில் இருந்த பழைய சர்வே எண்ணுக்கு மறுபடி மனுப் போட்டதில், உட்பிரிவு ஆவதற்கு முன்பே ஒரு பகுதி விற்கப்பட்டிருந்தது தெரிந்தது. வாங்கியவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். பிராது அதன்படி திருத்தப்பட்டது."

என்ன வேலை வந்தது, எங்கே முட்டியது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது எல்லாம் இதற்குள் வந்துவிட்டது. 'நாங்கள்' என்று ஒரு இடத்திலும் இல்லை. சீனியர் செய்தது சீனியர் செய்தது, நீங்கள் செய்தது நீங்கள் செய்தது. இரண்டையும் குழப்பினால் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே பிடிபடும். இந்த மாதிரியை அப்படியே எடுத்துப் போடுகிறவர்களுக்கும் அதே கதிதான். பழைய எண்ணை எங்கே கண்டுபிடித்தாய், கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டிலா பத்திரத்திலா, எந்த வருடத்திலிருந்து வில்லங்கம் போட்டாய் என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

பெரிய வழக்கு கையில் இல்லையே என்று தயங்க வேண்டாம். செக் பவுன்ஸ் வழக்குக்குத் தேதிப் பட்டியல் போட்டதுகூட நல்ல பதில்தான். வங்கியிலிருந்து ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதற்கான சீட்டு) மூலம் தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள், அதற்கு மேல் ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். நோட்டீஸுக்கு அந்த வழி இல்லை. இந்த வேறுபாடு தெரிந்துதான் பட்டியல் போட்டீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், ஊர்ப்பெயர் எதையும் எழுதக் கூடாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்கிற பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 132ஆம் பிரிவு வழக்கறிஞரோடு நிற்பதில்லை, அவருடைய குமாஸ்தாவையும் ஊழியர்களையும் கட்டுப்படுத்துகிறது. பழைய ஆபீஸ் விஷயத்தை வெளியே சொல்கிறவர் நம் ஆபீஸ் விஷயத்தையும் சொல்வார் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். நியாயமான பயம்தான் அது. வெளியான தீர்ப்பு என்றால் பெயர் சொல்லலாம்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதாமல் விடுகிற ஒரு திறமை இருக்கிறது: பழைய தமிழ்ப் பத்திரம் வாசிப்பது. உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும் டைப்டு செட்டில் (தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பில்) தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். அதைப் பிழையில்லாமல் செய்ய ஆள் கிடைப்பது சிரமம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது ஆவணியில் தொடங்கும் மலையாள ஆண்டு, வரும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி, அங்கே கேட்கவே வேண்டாம். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரிக்கு மேல் 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1131 என்றால் 1955-56. கூட்டுகிறபோது ஒரு வருடம் பிசகினால் எந்தப் பத்திரம் முந்தியது என்பதே மாறிவிடும். இது தெரியும் என்றால், தெரியும் என்று எழுதுங்கள். தமிழ் வழியில் படித்ததை ஒரு குறைபோல ஒளிக்க வேண்டியதில்லை.

'ஏன் எங்கள் நிறுவனம்' என்ற கேள்விக்கு அவர்களுடைய வலைத்தளத்தில் இருக்கிற வாசகத்தையே திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. அந்த நிறுவனம் ஆஜரான ஒரு தீர்ப்பைத் தேடி எடுங்கள். தீர்ப்பின் தொடக்கத்திலேயே யார் யாருக்காக ஆஜரானார்கள் என்று இருக்கும். முழுதாகப் படித்து, அவர்கள் வைத்த வாதம் ஒன்றையும் நீதிமன்றம் அதை ஏற்றதா, மறுத்ததா என்பதையும் நான்கு வரியில் எழுதுங்கள். நிறுவனம் நிலம், எரிசக்தி வேலை பார்ப்பது என்றால் ராதாபுரம், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளையும் கங்கைகொண்டான் சிப்காட்டையும் விட்டுவிடக் கூடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாமல் விட்டால், அந்த ஆவணத்தை வைத்துக் குத்தகை நிபந்தனைகளை நிரூபிக்க முடியாது என்பதை அந்த நிலங்களோடு சேர்த்துச் சொன்னால், ஊரும் தெரியும் சட்டமும் தெரியும் என்று ஆகிவிடும். ஒரே பதிலைப் பல இடங்களுக்கு அனுப்பும்போது இன்னொரு நிறுவனத்தின் பெயர் உள்ளே தங்கிவிடுவது உண்டு. அதற்கு மன்னிப்பே கிடையாது.

சட்ட மாற்றம் பற்றிய கேள்வியில் பலரும் 2024 ஜூலை 1 முதல் வந்த மூன்று புதிய குற்றவியல் சட்டங்களை எடுக்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் பிரிவு எண்ணில் சறுக்குகிறார்கள். 482 என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. இப்போது அதன் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே 482 முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போய்விட்டது. பழைய நினைப்பில் எண் போட்டால் முழுப் பதிலும் வீண். சிவில் பக்கம் விருப்பம் உள்ளவர்கள் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளின் பங்குரிமையை எடுக்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25இல் வந்தது, அதற்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. மத்தியத் திருத்தம் 2005 செப்டம்பர் 9இல் வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதன்படி பார்த்தால் எந்த மகளுக்குப் பங்கு, முன்பே முடிந்த எந்தப் பாகப்பிரிவினை கலையாது என்று ஒரு குடும்பத்தை வைத்து விளக்குங்கள். தேதிகளை மட்டும் அடுக்கினால் போதாது.

இத்தனையும் எழுதிய பிறகு 'ஏன் சட்டம்' மூன்று வரியில் முடிந்துவிடும். சிறு வயதுக் கனவு, ஏழைகளுக்கு நீதி என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது. எந்த வேலை செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை என்று எழுதுங்கள்.

படிக்கும்போது செய்த பயிற்சிக் காலத்தைக் கூட்டிப் போடாதீர்கள். பார் கவுன்சில் விதிப்படி மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுக்கு 20 வாரம். ஒரு வருடத்தில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. கல்லூரி நடக்கிற மாதங்களில் மூன்று மாதம் தொடர்ந்து பயிற்சி என்று போட்டால், படிக்கிறவருக்கு உடனே சந்தேகம் வரும்.

எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்ற கட்டத்தில் 'நிறுவனத்தின் விருப்பம்' என்று எழுத வேண்டாம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து ஒரு தொகையைப் போடுங்கள். சென்னையில் வாடகை கட்ட வேண்டிய பிள்ளை கூச்சப்பட ஒன்றுமில்லை.

பதிலை நேராக விண்ணப்பக் கட்டத்திலேயே அடிக்கக் கூடாது. தனிக் கோப்பில் எழுதி, சத்தமாக ஒருமுறை வாசித்து, வார்த்தை எண்ணிக்கை பார்த்துவிட்டு ஒட்டுங்கள். எல்லை தாண்டினால் சில தளங்கள் கடைசி வரியை அப்படியே வெட்டிவிடும், ஒட்டிய பின்னும் ஒருமுறை கடைசி வரியைப் பாருங்கள். அனுப்பிய பதிலின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் உங்களை அந்தத் தாளை வைத்துத்தான் குறுக்கு விசாரணை செய்வார்கள்.