கோராபுட் கூழ்

மணலி கூழ் வண்டியில் இன்னிக்கு ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்துத் தம்பி ஒருத்தர். சொம்புக் கூழில் பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் கலக்கினார். வண்டிக்கார அக்கா முறைச்சாங்க.

அவங்க மலைப்பக்கம் மண்டியா பேஜ், அதாவது கேழ்வரகுக் கூழ், அப்படித்தான், நீர்க்க.

கேழ்வரகு மாவை முதல்நாள் ராத்திரியே கரைச்சுப் புளிக்க வைக்கணும். மறுநாள் நொய் வெந்ததும் கரைசலை ஊத்திக் கைவிடாமல் கிளறணும். கொதிநீரில் காய்ந்த மாவைக் கொட்டினால் கட்டி தட்டும், உள்ளே வேகாது. ஆறினதும் சுரைக்குடுக்கையில் ஊத்தி வயலுக்கு எடுத்துப் போவாங்க.

2011 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் பாதிக்குச் சற்று மேலே பழங்குடியினர்: பரோஜா, கதபா, கோந்த் முதலானோர்.

மேட்டில் கேழ்வரகு, பள்ளத்தில் நெல். இந்த விவசாயத்தை 2012-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. பஞ்சபட்மாலி மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டுவதும் அதே மாவட்டத்தில்தான்.