திரைப்பிடிப்பில் எழுத்துகள் மங்காதிருக்க

இணையவழி விண்ணப்பங்களை நிரப்பும் முறையைத் தமிழில் விளக்கும் கையேடுகளைத் தயாரிப்பது கொழும்பில் என் வேலையின் ஒரு பகுதி. அத்தகைய கையேட்டில் பக்கத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட்டாவது, அதாவது கணினித் திரையை அப்படியே பிடித்த படமாவது இருக்கும். அது மங்கிவிட்டால் கெடுவது பக்கத்தின் அழகு மட்டுமன்று. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி திரையில் ஓரிரு பிக்சல் (படத்தை ஆக்கும் மிகச்சிறு நிறக் கட்டம்) அளவே இருப்பதால் அதுதான் முதலில் மறையும், அடுத்து ண, ன ஆகியவற்றின் சுழிகள் ஒன்றுபோலாகும். அந்தத் தாளை வெள்ளவத்தையில் ஒரு கடையில் கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுத்தால், எழுத்தைச் சுற்றியிருந்த மெல்லிய சாம்பல் படலமும் கறையாகத் தடித்துவிடும். படிவத்தை முதன்முறையாக நிரப்பும் ஒருவருக்கு அப்படிப்பட்ட தாளைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எடுக்கும் கணத்தில் ஸ்கிரீன்ஷொட்டில் எந்தக் குறையும் இருப்பதில்லை. திரையில் உள்ள பிக்சல்கள் அப்படியே பதிவாகின்றன. குறை வருவது பிறகுதான். ஜேபெக் கோப்பாகச் சேமித்தால், அம்முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாது என்று கருதும் நுண்விபரங்களைக் கழித்துவிடுகிறது. முகங்களும் கடற்கரையும் உள்ள ஒளிப்படத்துக்கு அது பொருந்தும். வெள்ளைப் பின்னணியில் கூரிய விளிம்புள்ள எழுத்துக்குப் பொருந்தாது. பெரும்பாலும் நிறத் தகவலும் ஒளிர்வுத் தகவலை விடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கப்படுவதால், சிவப்பில் தோன்றும் பிழைச் செய்தி, அதாவது வாசகர் கட்டாயம் படிக்கவேண்டிய வரி, மற்றவற்றை விட மோசமாகக் கலங்கும். 1996 இல் வெளியான பிஎன்ஜி முறை எதையும் கழிப்பதில்லை. ஒரே நிறப் பரப்புகள் மிகுந்த ஸ்கிரீன்ஷொட்டுகளில் அதன் கோப்பு ஜேபெக்கை விடச் சிறிதாக அமைவதும் உண்டு.

படம் மங்குவதில் பலர் கவனிக்காத இன்னோர் இடம், கையேட்டைத் தட்டச்சு செய்யும் மைக்ரோசொஃப்ட் வேர்ட். பிஎன்ஜி படத்தையே செருகினாலும், கோப்பைச் சேமிக்கும்போது வேர்ட் தானாகவே படத்தைச் சுருக்கக்கூடும். பல பதிப்புகளில் அதன் இயல்பு வரம்பு அங்குலத்துக்கு 220 பிக்சல். இருபுறமும் ஓரங்குல ஓரம் விட்ட ஏ4 தாளில் எஞ்சும் அகலம் ஏறத்தாழ 6.27 அங்குலம். எனவே 1920 பிக்சல் அகலமான முழுத்திரைப் படம் அங்கே ஏறத்தாழ 1380 பிக்சலாகக் குறைந்துவிடுகிறது. சேமித்த பின் படத்தை இழுத்துப் பெரிதாக்கினாலும் போனது திரும்பாது. ஆகவே முதல் படத்தைச் செருகுவதற்கு முன்பே ஃபைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று சென்று, 'இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி' என்ற பகுதியில் படங்களைச் சுருக்கவேண்டாம் என்னும் பெட்டியில் சரிக்குறி இட்டுவிட வேண்டும். இத்தெரிவு ஆவணத்துக்கு ஆவணம் தனியானது என்பதால், அங்கேயே புதிய ஆவணங்கள் அனைத்துக்கும் என்று மாற்றிக்கொள்வது நல்லது. பிடிஎஃப் ஆக்கும்போதும் மிகச்சிறிய அளவு என்ற தெரிவைத் தவிர்த்து, ஸ்டாண்டர்ட் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கைகொடுப்பது, எடுப்பதற்கு முன் செய்யும் ஒரு சிறு வேலை. பிரவுசரில் கன்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தி, பக்கத்தை 150 வீதத்துக்குப் பெரிதாக்கியபின், விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி, தேவையான பெட்டியை மட்டும் வெட்டி எடுக்கிறேன். ஒவ்வோர் எழுத்துக்கும் அதிக பிக்சல்கள் கிடைப்பதால் புள்ளியும் சுழியும் தெளிவாக விழுகின்றன. முழுத்திரையையும் எடுத்துத் தாளுக்குள் அடக்கினால், வாசகருக்குத் தேவையற்ற பட்டிகளும் ஐகன்களுமே இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டொகியுமென்ட்' என்ற தெரிவின் வழியே கோப்பாக அனுப்ப வேண்டும். படமாகச் சென்றால் அது மீண்டும் சுருக்கப்படும். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது பிடிஎஃப்புடன் மூல பிஎன்ஜி கோப்புகளையும், பக்க எண்ணையே பெயராக இட்டு, ஒரு தனி ஃபோல்டரில் சேர்த்துக் கொடுக்கிறேன். பக்கம் வடிவமைப்பவர் அவற்றையே நேரடியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.