நிற்கத் தெரிந்த ஏஜென்ட்

ஏஜென்ட் என்பது, கொடுத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ மென்பொருள். அதை உருவாக்கும் தளம் எதுவானாலும், டெமோவில் அது ஓடும் அழகைத்தான் காட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது அது எங்கே நிற்கும், நின்ற இடத்திலிருந்து எப்படிக் கிளம்பும் என்பதை.

எங்கள் குழு எடுத்துக்கொண்டது, வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தரும் வேலை. புகாரைப் படிப்பது, ஆர்டரைத் தேடுவது, விதிமுறையோடு ஒப்பிடுவது எல்லாவற்றையும் ஏஜென்ட்டிடம் விட யாருக்கும் தயக்கமில்லை. கடைசிப் படி வந்தபோது கணக்குப் பிரிவு அக்கா கேட்டார்: “தம்பி, பணம் போறதுக்கு முன்னாடி அது என்கிட்ட ஒரு வார்த்தை கேக்குமா?” அந்தக் கேள்வியை வைத்துத்தான் தளத்தையே தேர்ந்தெடுத்தோம்.

2023 மார்ச்சில் வந்த ஆட்டோஜிபிடி என்ற ஏஜென்ட்டும் ஒப்புதல் கேட்டது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் கேட்டது. அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் எவரும் கொஞ்ச நேரத்தில் படிக்காமலே ‘சரி’ அழுத்த ஆரம்பித்துவிடுவார். எங்கே கேட்க வேண்டும் என்று நாமே குறிக்க முடிய வேண்டும். லாங்கிராஃப் என்ற தளம் அதைத் தருகிறது. வேலையை நோடுகளாக, அதாவது தனித்தனிப் படிகளாகப் பிரித்து, வேண்டிய இடத்தில் இன்டரப்ட் என்ற நிறுத்தத்தை வைக்கலாம். அதுவரை நடந்ததைச் செக்பாயிண்ட்டாக, அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவாக, டேட்டாபேஸில் சேமிக்கலாம். அக்கா மறுநாள் காலையில் ஒப்புதல் தந்தாலும் போதும், வேலை தொடரும்.

இதில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லித்தருவது ஒன்று உண்டு. மறுபடி கிளம்பும்போது, நின்ற வரியிலிருந்து அது ஓடாது. அந்த நோடின் முதல் வரியிலிருந்து ஓடும். இன்டரப்ட்டுக்கு மேலே ஒரு மின்னஞ்சல் அனுப்பும் வரி இருந்தால், மின்னஞ்சல் இரண்டு முறை போகும். அதனால் பணம் அனுப்புவதைத் தனி நோடில், ஒப்புதலுக்குப் பின்னால் வைக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மாறாத ஓர் அடையாள எண் தந்துவிட்டால், அதே கோரிக்கை திரும்ப வந்தாலும் கட்டணச் சேவை அதை இன்னொரு தடவை நிறைவேற்றாது.

அப்புறம், இந்தத் துறை நேற்று முளைத்ததல்ல. 1996-ல் தொடங்கிய ஃபிப்பா என்ற தர அமைப்பு, ஏஜென்ட்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய முறையை வகுத்தது. டெலிகாம் இத்தாலியாவில் பிறந்த ஜேட் தளம் அதைச் செயல்படுத்தியது. அதில் ஓர் ஏஜென்ட் வேலை கேட்டால், மற்றது ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘மறுக்கிறேன்’, ‘புரியவில்லை’ என்று தெளிவான வகையோடு பதில் தரலாம். மறுப்பும் தோல்வியும் அங்கே தனித்தனிச் செய்திகள். எனக்கு அது மிகவும் பிடித்த வடிவமைப்பு. இன்றைய ஏஜென்ட்டுகளில் பல நேரம் இரண்டும் ஒரே பிழைச் செய்தியாகத்தான், ஏஜென்ட்டுக்கு மூளையாக இருக்கும் மொழி மாதிரிக்குப் போய்ச் சேருகின்றன. அதுவோ வேறு வழி தேடிக் கிளம்பிவிடுகிறது.

மறுப்பையும் தோல்வியையும் பிரித்துக் காட்டும் அந்த முறையை நாங்கள் திரும்பக் கொண்டுவந்தோம். தொகை வரம்பைத் தாண்டினால், பணம் அனுப்பும் கருவியே காரணத்தோடு ‘மறுப்பு’ என்று சொல்லும். கிராஃப், அதாவது நோடுகளைக் கோத்த வேலை ஓட்டம், நேராக ஒப்புதல் நோடுக்குத் திரும்பும். அந்த வரம்பு, மாதிரிக்கு நாம் எழுதித் தரும் குறிப்பான பிராம்ப்டில் இல்லை, கருவியின் நிரலில் இருக்கிறது. பிராம்ப்டில் எழுதினால் அது மாதிரிக்கு ஒரு வேண்டுகோள் மட்டுமே.