டீ வாங்கிட்டு வர்றது எதுல சார் வரும்?

போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் மனித உரிமைகள் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைத் தொழிலாளர் பகுதிக்கு வந்து, பதினான்கு வயது நிரம்பாதவர்களை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது, 2016 சட்டத் திருத்தப்படி பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் சொந்தக் குடும்பத் தொழிலுக்கு ஒத்தாசை செய்யலாம் என்று போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால், கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து நிற்கிறான்.

"சார், தினம் பதினோரு மணிக்கு பிளாஸ்க்கைக் குடுத்து என்னை டீ வாங்க அனுப்புறீங்களே, அது இதுல எதுல சார் வரும்? எனக்கு ஆவணியிலதான் பதினாலு முடியுது."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. நக்கலுக்குக் கேட்டிருந்தால் அதட்டி உட்கார வைத்திருக்கலாம். பரீட்சையில் உதாரணம் கேட்டால் இதை எழுதலாமா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைக்கிறான். "அது வேலை இல்லடா, உதவி" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "உதவின்னா முடியாதுன்னு சொல்லலாமா சார்?" என்றான்.

நல்லவேளை, பெல் அடித்துவிட்டது.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். தக்காளி விலை ஏறினால் வகுப்பில் தலை குறையும் ஊர். பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், கையெழுத்துக் கேட்டால் பாட்டி வந்து ரேகை வைப்பார். இந்தப் பாடத்தைப் பல வருஷமாக நடத்துகிறேன். தென்னாப்பிரிக்கா வரும், மண்டேலாவின் 27 வருஷச் சிறை வரும், 1948 டிசம்பர் 10-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உலகளாவிய பிரகடனம், அதில் 30 பிரிவுகள், 1993-ல் தேசிய மனித உரிமை ஆணையம். எல்லாம் ஒரு மார்க் கேள்விக்கு உகந்த சரக்கு, பிள்ளைகளும் அடித்து நொறுக்குவார்கள். டிசம்பர் 10 வந்தால் பிரேயரில் வெயிலில் நிறுத்தி உறுதிமொழி. அன்றைக்கே மூன்றாவது பீரியடில் எவனாவது வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து முதுகில் வாங்கிக் கட்டிக்கொள்வான். இந்த இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகத் திட்டுவதையும் தடுக்கிறது. அதையும் நான்தான் நடத்துவேன், மேசைமேல் குச்சியை வைத்துக்கொண்டு. போர்டில் மேப் காட்டத்தான் குச்சி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீ கேள்விக்கு அப்புறம் கொஞ்சம் மாற்றி நடத்திப் பார்க்கலாம் என்று பிரகடனத்தின் தமிழாக்கத்தையே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். "மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர்" என்று தொடங்கும். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டோம். "சகலைன்னா சித்தப்பாவும் அப்பாவும்தானே சார்?" என்றது ஒரு பிள்ளை. அந்தச் சிரிப்பு அடங்கவே அஞ்சு நிமிஷம்.

சரி, சிரித்தவரைக்கும் நல்லது என்று ஹன்சா மேத்தா கதையைச் சொன்னேன். அந்த வரியின் ஆங்கில வரைவில் முதலில் 'ஆண்கள் அனைவரும்' என்று பொருள்படும்படிதான் சொல் இருந்தது. இந்தியாவிலிருந்து போயிருந்த அந்த அம்மாதான், இதை இப்படியே விட்டால் பெண்களைச் சேர்க்காத அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்று மல்லுக்கு நின்று, 'மனிதர்கள் அனைவரும்' என்று மாற்ற வைத்தார். பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி, "அப்ப கிளாஸை மட்டும் ஏன் சார் நாங்களே கூட்டுறோம்?"

பசங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணி கேன் நாங்கதானே தூக்குறோம், பெஞ்சு நாங்கதானே நகர்த்துறோம். கேன் வாரத்துக்கு இரண்டு தடவை, கூட்டுவது தினம் இரண்டு வேளை என்று அவர்களே கணக்குப் போட்டுப் பார்த்து, கடைசியில் ரோல் நம்பர்படி எல்லோரும் கூட்டுவது என்று ஒரு அட்டவணை எழுதி ஒட்டினோம். மூன்றாம் நாள் ஒரு பையனின் அம்மா வந்துவிட்டார். "எங்க வூட்ல அவன் சீமாறைத் தொட்டதில்ல, அவன் கையில சீமாறைக் குடுத்தீங்களாமே சார்" என்று வராந்தாவிலேயே சத்தம். அப்பா வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எச்.எம். சமாதானம் பேசி அனுப்பினார். பையன் அவன் முறை வரும்போது இப்போதும் கூட்டுகிறான், ரொம்பக் கேவலமாகக் கூட்டுகிறான்.

இதில் எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று அட்டவணை ஒட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. முன்பு கூட்டிக்கொண்டிருந்த ஆறு பேரும் பெண்பிள்ளைகள் என்று மட்டும் பார்த்திருந்தேன். ஆறு பேரில் ஐந்து பேர் எந்தத் தெரு என்று பார்க்கவில்லை. யாரும் நியமிக்கவில்லை, கேட்டால் 'அவங்களா வந்து கூட்டுவாங்க' என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

உலகக் குடிமை என்று ஒரு தலைப்பில் ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். 2015-ல் ஐ.நா. வகுத்த 17 இலக்குகளில் நான்காவது கல்வி, அதில் 4.7 என்ற உட்பிரிவு 2030-க்குள் எல்லா மாணவருக்கும் மனித உரிமையும் உலகக் குடிமையும் கற்றுத்தரச் சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அன்றைக்குக் காட்டியதெல்லாம் உலக உருண்டையைச் சுற்றிப் பல நிறக் குழந்தைகள் கைகோத்து நிற்கும் படம். மத்தியானம் தக்காளி சாதம். அதை அப்படியே வகுப்பில் கொண்டுபோய்ச் சொன்னால், "உலகக் குடிமகன்னா பாஸ்போர்ட் எங்க சார் குடுப்பாங்க?" என்கிறான் ஒருவன்.

அதனால் பல்லில் ஆரம்பித்தேன். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நிறைய ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், தேய்த்தால் போகாது, ரொம்ப நாள் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். என் முன்பல் இரண்டும் அப்படித்தான். பெங்களூரில் படித்தபோது ஹாஸ்டலில் ஒருத்தன் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே "தர்மபுரியா?" என்றான். என் வகுப்பில் ஒரு பையன் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வான். அன்றைக்கு நான் என் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றபோது கையை எடுத்துவிட்டுப் பார்த்தான்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பணத்தில் பெரும்பங்கு ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடன், 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஜப்பானில் யாரோ கட்டிய வரிக்கும் உன் பல்லுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது பார் என்று நான் உருகிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி, "கடன்தானே சார், வட்டியோட நாமதானே கட்டப்போறோம், இதுல அவங்களுக்கு என்ன நன்றி?" என்றாள். ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். நல்ல தண்ணீர் தயவா உரிமையா என்று அவர்களாகவே வந்து நின்றார்கள். 2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமை என்று தீர்மானம் போட்டதையும், இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டதையும் அப்போதுதான் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அதுவும் ஒரு மார்க் கேள்வியாகப் போயிருக்கும்.

வீட்டுப்பாடம்: உங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை குடம்? நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டேங்கிலிருந்து தள்ளிப்போகப் போக நாள் கூடுகிறது. கடைசித் தெருவில் போர் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை உண்டு. பதினெட்டு ஆகாததால் இவர்களுக்கு அங்கே குரல் கிடையாது, ஆகவே பிள்ளைகள் மனு எழுத, அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் இன்னும் அப்படியேதான் வருகிறது.

வாச்சாத்தியைப் பற்றியும் பேசினேன். மண்டேலா சிறையை ஏழு கடல் தாண்டிப் படிக்கிற பிள்ளைக்கு அரூர் பக்கத்து ஊர் தெரியாமல் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் செத்தே போய்விட்டார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல், அதே செப்டம்பர் 29. பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் எல்லா விவரமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. வருஷங்களை மட்டும் போர்டில் வரிசையாக எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன், "அன்னைக்கு அங்க எங்களாட்டம் ஒம்பதாவது படிச்சவங்களுக்குத் தீர்ப்பு முடியறப்ப நாப்பத்தஞ்சு வயசு சார்" என்றான்.

"அரசாங்கச் சம்பளம் வாங்கிட்டு இதெல்லாம் எதுக்கு சார்?" என்று ஸ்டாப் ரூமில் ஒருவர் கேட்டார். தீர்ப்பும் அரசாங்கப் பேப்பர்தானே சார் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய ஆள், நல்ல ஆள்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஏதோ சாதித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இதே பாடத்தை அதற்கு முந்தின வருஷம் படித்த ஒரு பெண், ஆபத்தில் குழந்தைகள் அழைக்க வேண்டிய எண் என்ற கேள்விக்கு 1098 என்று அழகாக எழுதி மார்க் வாங்கியவள், கோடை விடுமுறை முடிந்து பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. சித்திரையிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஜூனில் தெரிந்தது. அப்புறம் ஒருநாள் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் அவளே வந்து, "நல்லாருக்கீங்களா சார்" என்றாள். ஏம்மா போன் பண்ணலை என்று கேட்டுவிட்டேன். "பண்ணா எங்கப்பாவைப் புடிச்சிட்டுப் போயிருவாங்களே சார்." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். ஜூனில் தெரிந்த பிறகு நீங்கள் பண்ணினீர்களா சார் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. நான் பண்ணவில்லை.

குச்சி இப்போது பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. டீக்கு நானே போகிறேன். முதல் நாள் கடைக்காரர், "என்ன சார், பள்ளிக்கூடம் லீவா?" என்றார். ஸ்டாப் ரூமில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே பிளாஸ்க் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள், உங்களால எங்க டீயும் போச்சு சார் என்கிற பேச்சு அவ்வப்போது வரும். எச்.எம். ரூமுக்கு மட்டும் எட்டாவது பையன் ஒருத்தன் இன்னும் போய் வாங்கிவருகிறான். வழியில் பார்த்தால் "வணக்கம் சார்" என்பான், நானும் என் பிளாஸ்க்கோடு தலையாட்டிவிட்டு நடப்பேன். அதைப்பற்றி எச்.எம்.மிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.