கருப்பையா மகன் முத்து, முத்து மகன் கருப்பையா: இராமநாதபுரம் கரையில் பூர்வீகம் தேடுவது

இராமநாதபுரம் கரையோரத்துக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடினால் முதலில் சிக்கலாவது ஆள் அல்ல, ஊர். "எங்க பூட்டன் தொண்டிக்காரர்" என்று கொழும்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ சொல்வார்கள். தொண்டிப் பதிவேடுகளில் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. தொண்டி அவர் தோணி ஏறிய துறை. பிறந்த ஊர் உள்ளே நாலைந்து மைல் தள்ளி ஒரு கண்மாய்க்கரையில் இருக்கும். அந்த ஊர்ப் பெயரும் நேராகப் பதிவேட்டில் வராது. சனங்கள் சொல்வது உட்கடை ஊரின், அதாவது வருவாய் கிராமத்துக்குள் அடங்கிய சிற்றூரின் பெயர், பதிவேடு பேசுவது வருவாய் கிராமத்தின் பெயர். புதுக்குடி, புதுப்பட்டினம் என்று ஒரே பெயரில் பல ஊர்கள் வேறு. அதனால் ஊரை மட்டும் கேட்டு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேட்கிறோம்: எந்தக் கண்மாய்ப் பாசனம், பக்கத்து ஊர் இரண்டு எவை, சாமி கும்பிடப் போகும் ஊர் எது. மூன்றும் ஒத்துப்போனால்தான் தாலுகா அலுவலகப் படி ஏறுவோம்.

மூன்றில் கடைசிக் கேள்விதான் கனமானது. நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனவர்களும் குலதெய்வத்தை விட்டுப்போவதில்லை. மாசியில் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும் களரி என்ற திருவிழாவுக்குப் போனால் ஒரே இரவில் அத்தனை பங்காளிகளையும் பார்த்துவிடலாம். அங்கே கேட்க வேண்டியது தலைக்கட்டு வரி நோட்டு, குடும்பத்துக்கு ஒரு வரி என்று கோயிலுக்கு வாங்கியதன் கணக்கு. வரி கொடுத்த ஆண்கள் வரிசையாக, வகையறா வாரியாக இருப்பார்கள். பழைய நோட்டைக் கறையான் தின்றிருந்தாலும் புது நோட்டை எழுதியவர் வரிசையை மாற்றியிருக்க மாட்டார். மாற்றினால் களரியிலேயே சண்டை வரும். திருநீறு முதலில் யார் கைக்குப் போகிறது என்று கவனித்தால் மூத்த கால்வழி எது என்பதும் தெரிந்துவிடும்.

வரி நோட்டில் பெண்கள் இருக்க மாட்டார்கள், கைம்பெண் மட்டும் சில ஊர்களில் அரை வரியாக வருவார். பெண்வழிக்கு மொய் நோட்டுதான். பரணில் கிடக்கும் பழைய நோட்டைக் கடைக்குப் போடாதீர்கள். முதல் பக்கத்தில் தாய்மாமன் சீர் இருக்கும். அந்தப் பெயரும் ஊரும் மணமக்களின் தாய் பிறந்த வீட்டைக் காட்டிவிடும். அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் எழுதியிருந்தால், அது பெண் கொடுத்த ஊரோ பெண் எடுத்த ஊரோ. கொண்டையங்கோட்டை மறவரிடம் கிளை என்ற குல உட்பிரிவு தாய்வழியாக இறங்குகிறது. அப்பாவின் கிளையைப் பிள்ளைக்கு எழுதிவைத்தால் மொத்த மரமும் கோணிவிடும். கீழக்கரை முஸ்லிம் வீடுகளிலும் பார்வையைத் திருப்ப வேண்டும். வீடு பெண்பிள்ளைக்குப் போவதால் வீட்டுப் பத்திரங்களைக் கோத்தால் பாட்டி, அம்மா, மகள் என்று வரிசை கிடைக்கும்.

வயது சொல்லும்போது யாரும் ஆண்டு சொல்வதில்லை. "தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பிள்ளை" என்றால் 1876–78. "பாலம் திறந்த வருஷம்" என்றால் பாம்பன் பாலம், 1914. "பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்" என்றால் 1942. "புயலுக்கு முந்தி" என்றால் 1964 டிசம்பருக்கு முன், தனுஷ்கோடி இருந்த காலம். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதை மறந்துவிடக் கூடாது. 1876 தாது, 1936ம் தாது. ஜாதக ஓலையில் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் இரண்டில் எது என்று பிள்ளைகளின் வயதை வைத்துத் தீர்க்க வேண்டும். தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். வருவாய்க் கணக்கு ஆண்டான பசலிக்கு 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1358 என்றால் 1948 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.

இனி அலுவலகம். இராமநாதபுரம் மாவட்டம் பிறந்தது 1910இல். அதற்கு முந்தைய காகிதம் மதுரை மாவட்டக் கணக்கில் கிடக்கும். 1910க்குப் பிறகும் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்தது. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆகவே இராமநாதபுரத்தில் இல்லை என்றால் மதுரையைக் கேட்க வேண்டும், அதற்கும் மேலே சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். இந்தக் கரை பெரும்பாலும் சேதுபதி ஜமீனாகவும் சிவகங்கை ஜமீனாகவும் இருந்தது. 1948 சட்டப்படி ஜமீன் ஒழியும்வரை குடியானவனுக்குப் பட்டா கொடுத்தது ஜமீன். பதிலுக்கு முச்சலிக்கை என்ற ஒப்புதல் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டது. சர்க்காருக்கே நேராக வரி கட்டிய ரயத்துவாரி ஊர்களில் கிடைப்பதுபோல நூறாண்டு சர்க்கார் பட்டாவை இங்கே எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். ஜமீன் ஒழிப்புக்குப் பின் போட்ட செட்டில்மெண்ட் பதிவேடுதான் அநேக குடும்பங்களுக்கு முதல் சர்க்கார் சாட்சி. அதிலிருந்து இன்றைய சர்வே எண்ணுக்கு வரப் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். 1979–87இல் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் பதிவில் பெயர்ப் பிழைகள் ஏராளம். "யூடிஆரில் இப்படித்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதற்கு முந்தையதைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1980 நவம்பரில் ஊர்க் கணக்கரான கர்ணம், ஊர்த் தலைவரான முன்சீப் பதவிகளை ஒழித்தபோது சில ஊர்க் கணக்குகள் பழைய கர்ணம் வீட்டோடு தங்கிவிட்டன. அந்த வீட்டையும் விசாரிக்கலாம், மரியாதையாக.

எங்கள் கணக்கில் எல்லாவற்றிலும் மதிப்பானது பாகப்பிரிவினைப் பத்திரம். கிரயப் பத்திரத்தில் விற்றவரும் வாங்கியவரும்தான். பாகத்தில் அண்ணன் தம்பி அத்தனை பேர், செத்தவருக்குப் பதில் அவர் மனைவி, மைனருக்குக் கார்டியன் என்று குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய ஆண்டுகளுக்குக் கையால்தான் தேட வேண்டும். தேடும் ஆண்டுகள் கூடக்கூடத் தேடுகட்டணமும் ஏறுவதால் முதலில் பெயர் அட்டவணையை ஐந்தாண்டுத் துண்டுகளாகப் பார்த்து, பிறகு சொத்து அட்டவணைக்குப் போங்கள். சொத்துப் பத்திரங்கள் உள்ள முதல் புத்தகத்தை யாரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் உள்ள மூன்றாம் புத்தகத்தில், எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவருக்கு நகல். உங்கள் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தில் இருந்ததா என்று எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வால்யூம் அங்கேயே இருந்துவிடும்.

நகல் கைக்கு வந்தால் படிப்பது இன்னொரு வேலை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, சொற்களுக்கு நடுவே இடமும் இருக்காது. ௲௮௱௯௰௭ என்றால் 1897. எட்டு, ஒன்பது, ஏழை மட்டும் பொறுக்கினால் தவறிப்போகும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். அதிகம் ஏமாற்றுவது ௸, அதாவது மேற்படி. "௸யூர் முத்து மகன் கருப்பையா" என்று பார்த்தவுடன் எந்த ஊர் என்று மேலே போய்ப் பார்க்க வேண்டும். நாலு வரிக்கு முன்னால் ஊர் மாறியிருக்கும்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் இன்னொரு கண்ணி. கருப்பையா மகன் முத்து, முத்து மகன் கருப்பையா, மறுபடி கருப்பையா மகன் முத்து. 1890இல் ஒரு முத்து, 1950இல் ஒரு முத்து. இருவரையும் ஒருவராக்கினால் நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போகும். பெயர், தகப்பன் பெயர் இரண்டும் ஒத்தாலும் நாங்கள் சேர்ப்பதில்லை. மூன்றாவதாக மனைவி பெயரோ, நிலத்தின் நாலு பக்கமும் யார் நிலம் என்று பத்திரம் சொல்லும் நான்கெல்லையோ, உடன்பிறந்தான் பெயரோ வேண்டும். முதல் மனைவி இறந்து அவள் தங்கையையே கட்டியிருந்தால் மனைவி பெயரும் கைவிடும், அப்போது நான்கெல்லைதான்.

கடல் தொழில் குடும்பங்களுக்கு மேலே சொன்ன நிலக் காகிதத்தில் பாதி உதவாது, குடியிருந்தது நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு மனை, என்பதால். கத்தோலிக்க ஊர்களில் ஞானஸ்நானப் பதிவேடு அந்தக் குறையைத் தீர்க்கும். கிளைக் கிராமத்தில் கோயில் இருந்தாலும் புத்தகம் தலைமைப் பங்கில் இருக்கும். மறைமாவட்டமும் மாறியிருக்கிறது: சிவகங்கை 1987இல் வந்தது, அதற்கு முன் மதுரை, 1938க்கு முன் திருச்சி. 1838க்குப் பின் மதுரை மிஷனை நடத்தியவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். லத்தீனில் எழுதும்போது நம் உகரத்துக்கு ஓ, யூ என்று இரண்டெழுத்துப் போட்டார்கள். "மௌத்தௌ" என்று கண்ணில் பட்டால் அது முத்து. ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நெருங்கிய உறவு. முஸ்லிம் ஊர்களில் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவேடு. பழைய பக்கங்கள் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில் இருந்தால் ஆலிம் ஒருவர் துணை வேண்டும்.

இலங்கையிலிருந்து திரும்பியவர்களிடம் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் பழைய கடவுச்சீட்டும் இருக்கும். அவற்றிலுள்ள வயதை நம்பாதீர்கள். பெயர்கள் எழுதியிருக்கும் வரிசை பெரும்பாலும் சரி.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுப் பிறந்த தேதியும் வாத்தியார் கணக்கு; ஜூனில் சேர்க்கத் தோதாக வைத்தது. தகப்பன் பெயரையும் ஊரையும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

மரம் வரையும்போது பத்திரத்தில் வந்த பெயரை மையில் எழுதுகிறோம், களரியில் சொன்னதைப் பென்சிலில். அடுத்த மாசிக்கு அதே தாளை எடுத்துப்போய்ப் பெரியவர்கள் முன்னால் விரிக்க வேண்டும். வெறுங்கையோடு போய்க் கேட்டால் "எனக்கென்னப்பா தெரியும்" என்பவர்கள், பெயர் ஒன்று தப்பாக இருந்தால் தாளைப் பிடுங்கித் திருத்திவிடுவார்கள்.