பசிக்காத ஐந்து மாதம்

“இதுக்கு முன்னாடி எடை குறைய ஏதாவது சாப்பிட்டிருக்கீங்களா?” என்று, எடை குறைக்கும் ஊசி கேட்டுப் போன என்னிடம் டாக்டரம்மா கேட்டதும், இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்ததால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டு வருடம் முன்பு ஆன்லைனில் ‘நூறு சதவீதம் மூலிகை’ என்று போட்டிருந்த கேப்சூலை வாங்கி மூன்று வாரம் விழுங்கினேன். பசி நிஜமாகவே அடங்கியது. கூடவே தூக்கமும் போனது. மாடி ஏறினால் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. பயந்துபோய் மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. “அதுல என்ன இருந்துச்சோ. இந்த மாதிரி டப்பாக்கள்ல சிபுட்ரமின் கலந்து பிடிபட்டிருக்கு” என்றார். அது பசியை அடக்கும் மருந்து. மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம் என்று தெரிந்த பிறகு 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்தினார்கள், 2011இல் இந்தியாவிலும் தடை செய்தார்கள். மூலிகை என்று நம்பி எதை விழுங்கினேனோ, இன்றுவரை தெரியாது.

எனக்கு 46 வயது, எடை அப்போது 104 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஓடிக்கொண்டிருந்தன. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ ஊசியைப் பற்றிக் கேட்கத்தான் போயிருந்தேன். டிர்செபடைட் என்பது மருந்தின் பெயர். வாரம் ஒரு ஊசி. பசியைக் குறைக்கும், இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்தும்.

அன்றைக்கே எழுதித் தந்துவிடுவார் என்று நினைத்தேன். தரவில்லை. கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா, பித்தப்பையில் கல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று கேள்வி மேல் கேள்வி. மெடுல்லரி என்ற வகை தைராய்டு புற்றுநோய் ரத்த சொந்தத்தில் யாருக்காவது இருந்தால் இந்த ஊசியே கூடாதாம். கிட்னி டெஸ்ட், கண் விழித்திரைப் பரிசோதனை எல்லாம் முடித்துக்கொண்டு வந்த பிறகுதான் சீட்டில் எழுதினார். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடும் என்பதால் கிளிமிபிரைடைப் பாதியாக்கினார்.

முதல் நாலு வாரம் 2.5 மில்லிகிராம், பிறகு 5. அப்போது வந்தது குப்பி மருந்துதான். 2.5 குப்பி ஒன்று அப்போது 3,500 ரூபாய், 5 என்றால் 4,375. மாதத்துக்கு நாலு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்த குப்பி ஒன்று உறைந்தே போனது. உறைந்ததை உருகவிட்டுப் போடக் கூடாது. 3,500 ரூபாய் போச்சு.

ஊசி குத்துவது ஒன்றும் பெரிய விஷயமில்லை, நர்ஸ் ஒரு முறை காட்டித் தந்ததும் பழகிவிட்டது. நான் மாட்டிக்கொண்டது 5க்கு மாறிய இரண்டாவது வாரம், தஞ்சாவூரில் ஒரு கல்யாணப் பந்தியில். பசி துளியும் இல்லை. ஆனால் இலை போட்டாயிற்று, பக்கத்தில் பெரியப்பா. வடை, சாம்பார் சாதம், பாயசம் என்று பழைய கணக்கிலேயே சாப்பிட்டேன். ராத்திரி முழுக்க வாந்தி. காலையில் தண்ணீர்கூடத் தங்கவில்லை, ஆனால் பழக்க தோஷத்தில் கிளிமிபிரைடை மட்டும் போட்டுக்கொண்டேன். பதினோரு மணிக்குக் கை நடுங்கி, சட்டை நனைய வேர்த்தது. சர்க்கரை 64க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

அன்றோடு கிளிமிபிரைடை அடியோடு நிறுத்தினார். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். வாந்தி நிற்காவிட்டாலோ, வயிற்று வலி கடுமையாகி முதுகுப் பக்கம் போனாலோ போன் பண்ணிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். நல்லவேளை, சாயங்காலம் சரியானது.

அப்புறம்தான் எனக்கே உறைத்தது: பசி எடுக்காது என்றால், சாப்பிட வேண்டும் என்பதையும் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். மதியம் மூணு மணி வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆபீசில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. இப்போது போனில் அலாரம் வைத்திருக்கிறேன். தட்டில் முதலில் முட்டையோ மீனோ சுண்டலோ, சாதம் கடைசியில். புரதம் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையுமாம். மலச்சிக்கல் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

ஐந்து மாதத்தில் 93 கிலோவுக்கு வந்திருக்கிறேன். நிறுத்தினால் எடை திரும்ப ஏறத்தான் பார்க்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வேலை செய்கிற அளவே போதும் என்று 5லேயே வைத்திருக்கிறார். எனக்கும் அதைக் கூட்டுகிற அவசரம் இல்லை.

போன வாரம் மச்சினன் வந்தான். “அத்தான், ஒரு குப்பி குடுங்களேன், போட்டுப் பார்க்கிறேன்.” காசுக்காகத் தயங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டான். மாமியாருக்குப் பல வருடம் முன்பு தைராய்டு ஆபரேஷன் நடந்தது, என்ன கட்டி என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரைப் போய்ப் பார் என்று அனுப்பினேன். மாமியார் பீரோவைக் கவிழ்த்துப்போட்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.